நாற்சந்தி போச்சு, முட்டுச்சந்து வந்தாச்சு! சென்னைத் தெருக்கள் திசை மாறிய கதை

சென்னை நகரம் வளர்ந்துகொண்டே போகிறது. ஆனால் தெருவுக்கும் தெருவுக்கும் இருந்த தொடர்பு அறுந்துகொண்டே வருகிறது. பழைய நகரத்தில் எங்கு பார்த்தாலும் நாற்சந்தி. புதிய புறநகரில் திரும்பிய பக்கமெல்லாம் முட்டுச்சந்து.

இதனால் டவுன் பஸ் உள்ளே வர முடியவில்லை. ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் திண்டாடுகிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு ஆட்டோ வைத்துச் சுற்றிப் போகவேண்டிய நிலைமை!

இந்த நிலைமை ஒரே நாளில் வந்ததல்ல. 250 வருடங்களாக நகரம் எப்படி எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் காரணம் புரியும்.

சந்திக்கு ஒரு கணக்கு

தெருக்களின் தொடர்பை அளக்க ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. நாற்சந்தி என்றால் 4 வழி. முச்சந்தி என்றால் 3 வழி. முட்டுச்சந்து என்றால் ஒரே வழி. ஒரு பேட்டையில் உள்ள சந்திகளை எல்லாம் எண்ணி, வழிகளைக் கூட்டி, சந்திகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருகிற சராசரிதான் அந்தப் பேட்டையின் மார்க்!

உதாரணத்துக்கு ஒரு பேட்டையில் 4 நாற்சந்தி, 4 முச்சந்தி, 2 முட்டுச்சந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 வழி. பத்தால் வகுத்தால் சராசரி 3.

இன்னொரு பேட்டையில் ஒரே ஒரு நாற்சந்தி, 4 முச்சந்தி, 5 முட்டுச்சந்து. மொத்தம் 21 வழி. சராசரி 2.1 தான். இந்தப் பேட்டைக்காரர்கள் பாடு திண்டாட்டம் என்று ஜோசியம் பார்க்காமலே சொல்லிவிடலாம்!

கட்டம் கட்டமாகத் தெரு போட்ட இடத்தில், இரண்டு கட்டம் நீளம், இரண்டு கட்டம் அகலம் கொண்ட ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போக 6 குறுக்கு வழிகள் இருக்கும். ஆறும் ஒரே தூரம். ஒரு தெருவில் பள்ளம் தோண்டினாலும், பந்தல் போட்டுக் கல்யாணம் நடத்தினாலும் அடுத்த தெருவில் போய்விடலாம்.

முட்டுச்சந்துப் பேட்டையில் இருப்பதே ஒரு வழி. அங்கே ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்றால் போச்சு!

கோட்டைக்கு வெளியே கோடு கிழித்தார்கள்

சென்னையில் தெருத் திட்டம் என்றால் முதலில் பார்க்கவேண்டியது ஜார்ஜ் டவுன்.

முதலில் இருந்த கறுப்பர் நகரம், கோட்டையை ஒட்டி, இன்றைக்கு ஐகோர்ட்டு இருக்கும் பக்கத்தில் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் ஆங்கிலேயர் கைக்கு அது திரும்பி வந்தது. மறுபடியும் 1758-59-ல் பிரெஞ்சுப் படை முற்றுகை போட்டது.

வீடுகளின் மறைவில் எதிரி ஒளிந்துகொண்டு சுடுகிறான் என்று கண்ட ஆங்கிலேயர், கோட்டைக்கு எதிரே இருந்த வீடுகளை எல்லாம் அப்புறப்படுத்தி வெட்டவெளி ஆக்கினார்கள். "இதற்கு உள்ளே யாரும் வீடு கட்டக்கூடாது" என்று எல்லை காட்டி 1773-ல் 6 தூண்கள் நட்டார்கள். அதில் ஒரே ஒரு தூண் பாரிமுனையில் தப்பிப் பிழைத்து நிற்கிறது.

அந்த எல்லைக்கு வடக்கே வளர்ந்ததுதான் புதிய கறுப்பர் நகரம். 1911-ல் அதற்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் வந்தது.

தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு என்று பக்கத்துப் பக்கத்தில் வடக்கு தெற்காக ஓடும் தெருக்கள். நடுநடுவே குறுக்குத் தெருக்கள். அகலம் குறைவுதான். ஆனால் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இன்னொரு தெருவில் வெளியே வரலாம்.

அதனால்தான் அங்கே வியாபாரம் தெருவுக்குத் தெரு பரவியது. ஜவுளிக்கு கோடவுன் தெரு. காகிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஆண்டர்சன் தெரு. ஒரு கடையில் சரக்கு இல்லையென்றால் பையனை அடுத்த தெருவுக்கு ஓட விடலாம்.

மயிலாப்பூரிலும் இதே கதைதான். கபாலீசுவரர் கோவிலைச் சுற்றி நான்கு மாடவீதிகள். தேர் சுற்றிவர வேண்டும் என்று போட்ட வீதி. தேர் முட்டி நிற்கக்கூடாது அல்லவா? தேருக்குப் போட்ட வழி, நூற்றாண்டுகள் கழித்து ஸ்கூட்டருக்கும் உதவுகிறது.

ஏரியில் எழுந்த தி.நகர்

1920-ல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு திட்டம் போட்டு உருவாக்கிய பெரிய பேட்டை தியாகராய நகர்.

நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த 'லாங் டேங்க்' ஏரியைத் தூர்த்து 1920-களில் மனை போட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். அப்போது முதல் மந்திரியாக இருந்த பனகல் ராஜாவின் பெயரை நடுவில் இருந்த பூங்காவுக்கு வைத்தார்கள்.

பனகல் பூங்காவிலிருந்து நட்சத்திரம் போல நாலா பக்கமும் ரோடுகள் பிரிகின்றன. உஸ்மான் ரோடு, வெங்கட்நாராயணா ரோடு, ஜி.என். செட்டி ரோடு, பாண்டி பஜார் இருக்கும் தியாகராயா ரோடு... இவற்றுக்கு இடையே சின்னத் தெருக்கள் வலைப்பின்னல் போல ஓடுகின்றன.

தண்ணீர் தேங்கிய இடத்தில் ஊர் கட்டியது சரியா என்பது வேறு விஷயம். அந்தக் கடனை மழைக்காலம் வட்டியோடு வசூல் செய்கிறது. ஆனால் தெருப் போட்ட விதத்தில் குறை சொல்ல முடியாது.

ரங்கநாதன் தெரு ரகசியம்

தி.நகரில் அகலமான ரோடுகள் எத்தனையோ இருக்க, ஒல்லியான ரங்கநாதன் தெருவில் மட்டும் ஏன் இத்தனை கூட்டம்?

காரணம், அந்தத் தெரு இரண்டு முக்கியமான இடங்களைச் சேர்க்கிறது. ஒரு முனையில் மாம்பலம் ரெயில் நிலையம். மறு முனையில் உஸ்மான் ரோடு. 1931-ல் கடற்கரை-தாம்பரம் மின்சார ரெயில் வந்ததிலிருந்து, இறங்குகிற ஜனமெல்லாம் அந்தத் தெரு வழியாகத்தான் நடந்தாக வேண்டும். ஜனம் நடக்கிற இடத்தில் கடை வந்தது. கடை வந்த இடத்தில் இன்னும் ஜனம் சேர்ந்தது.

அதே தெரு நடுவில் முட்டி நின்றிருந்தால்? நாலு வீடு, இரண்டு வேப்பமரம், ஒரு பிள்ளையார் கோவிலோடு முடிந்திருக்கும்!

தண்டவாளத்துக்கு மேற்கே நிலைமை வேறு. மேற்கு மாம்பலத்தையும் தி.நகரையும் ரெயில் பாதை பிரிக்கிறது. வண்டியில் போகிறவர்களுக்கு துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை போன்ற ஒன்றிரண்டு வழிகள்தான். பெரிய மழை பெய்தால் அதுவும் குளம்!

2023-ல் மாம்பலம் ரெயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். சுமார் அரை கிலோமீட்டர் நீளம். அறுந்த நூலை நடப்பவர்களுக்காவது முடிச்சுப் போட்ட வேலை அது.

வீட்டுவசதி வாரியம் போட்ட கட்டங்கள்

சுதந்திரத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் இந்த முறை நீடித்தது.

1961-ல் வீட்டுவசதி வாரியம் வந்தது. 1968-ல் சர்வதேசப் பொருட்காட்சி நடந்த இடத்தைச் சேர்த்து அண்ணா நகர் எழுந்தது. அங்கே நிற்கிற கோபுரம் அந்தப் பொருட்காட்சியின் ஞாபகம்தான். இதே போல அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர்.

எல்லாமே அவென்யூ, மெயின் ரோடு, குறுக்குத் தெரு என்று அளந்து போட்டவை. நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒரே கையில் வாங்கி, ஒரே வரைபடத்தில் கோடு போட்டதால் தெருக்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன.

இந்த "ஒரே கை" என்பதுதான் முக்கியம். அது போனதும் எல்லாம் போச்சு!

வயலுக்கு ஒரு லேஅவுட்

1901-ல் சென்னையின் ஜனத்தொகை சுமார் 5 லட்சம். 1951-ல் 14 லட்சம். 2011-ல் புறநகரையும் சேர்த்தால் 86 லட்சத்துக்கு மேல்.

இத்தனை பேருக்கும் வீட்டுவசதி வாரியத்தால் வீடு கொடுக்க முடியுமா? "எலி வளையானாலும் தனி வளை வேணும்" என்று குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் சேமிப்பைத் தூக்கிக்கொண்டு தெற்கேயும் மேற்கேயும் கிளம்பினார்கள். மடிப்பாக்கம், மேடவாக்கம், பொழிச்சலூர், முடிச்சூர் என்று வயலும் ஏரிப் பாசனமுமாக இருந்த கிராமங்களில் மனை விற்பனை தொடங்கியது.

அங்கேதான் கதை மாறியது.

ஒரு விவசாயி தன் சர்வே நம்பரில் உள்ள 3 ஏக்கரை விற்பார். வாங்கியவர் நடுவில் ஒரு ரோடு போட்டு இரண்டு பக்கமும் கிரவுண்டு கிரவுண்டாகப் பிரிப்பார். வயல் வரப்பு வந்ததும் ரோடு நின்றுவிடும்.

ஐந்து வருடம் கழித்து பக்கத்து வயல்காரர் விற்பார். அவர் தன் ரோட்டை வேறு பக்கத்திலிருந்து போடுவார். அதுவும் அதே வரப்பில் வந்து முட்டும். இரண்டு ரோட்டுக்கும் நடுவே ஒரு காம்பவுண்டு சுவர்!

இப்படி வரப்புகள் எல்லாம் சுவராக மாறின. இரண்டு வீட்டின் கொல்லைப்புறமும் ஒட்டி இருக்கும். சுவருக்கு மேல் கறிவேப்பிலை கை மாறும். ஆனால் வாசல் வழியாகப் போவதானால் மெயின் ரோட்டுக்கு வந்து, சுற்றிக்கொண்டு, அடுத்த திருப்பத்தில் நுழைய வேண்டும்.

பல இடங்களில் நகரமைப்பு அதிகாரிகளின் பார்வைக்கே போகாமல் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற பெயரில் மனைகள் விற்கப்பட்டன. 1971-ல் நகர ஊரமைப்புச் சட்டம் வந்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் 1970-களிலேயே அமைந்துவிட்டது. ஆனாலும் சட்டத்தின் வேகத்தைவிட மனை புரோக்கரின் ஸ்கூட்டர் வேகம் அதிகமாக இருந்தது!

தெருக்குத்து பயம்

முச்சந்தியில் ரோடு நேராக வந்து பார்க்கிற வீட்டைத் "தெருக்குத்து" என்பார்கள். அந்த மனையை வாங்கப் பலர் தயங்குவார்கள். வாங்கினாலும் வாசலில் ஒரு பிள்ளையாரை உட்கார வைத்துவிடுவார்கள்.

வீட்டுக்காரருக்குத் தெருக்குத்து பயம். ஊருக்கு ஏற்படும் முட்டுச்சந்து நஷ்டத்தை மட்டும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை!

நெட்டு ரோடு உண்டு, குறுக்கு ரோடு இல்லை

"புறநகரில் பெரிய பெரிய ரோடு எல்லாம் வந்தாச்சே!" என்று கேட்கலாம்.

வந்தது உண்மைதான். பழைய மகாபலிபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையாக ஆறு வழி ஆனது. தாம்பரம்-புழல் பைபாஸ் வந்தது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலையும் வந்துவிட்டது.

ஆனால் பெரிய ரோட்டையும் வீட்டு வாசலையும் சேர்க்கிற நடுத்தர ரோடுகள் வரவில்லை. அதனால் பக்கத்துப் பேட்டைக்குப் பால் வாங்கப் போகிறவரும் மெயின் ரோட்டுக்கு வருகிறார். பெங்களூர் போகிற லாரியும் அதே ரோட்டுக்கு வருகிறது. அப்புறம் நெரிசல் வராமல் என்ன செய்யும்?

இதற்குப் பெரிய உதாரணம் ராஜீவ் காந்தி சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிலோமீட்டர் கணக்கில் தெற்கே ஓடுகின்றன. நடுவே பக்கிங்ஹாம் கால்வாய். திருவான்மியூரை விட்டால், பஸ் லாரி எல்லாம் தாராளமாகப் போகும் பேர் சொல்லும்படியான குறுக்கு வழி சோழிங்கநல்லூர்-அக்கரை சாலை. அதை விட்டால் அங்கிருந்து வெகு தெற்கே கேளம்பாக்கம்-கோவளம் சாலை.

போதாக்குறைக்கு 'கேட்' போட்ட காலனிகள் வேறு. ஏக்கர் கணக்கில் சுவர் எழுப்பி, வாசலில் வாட்ச்மேனை நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே நல்ல ரோடு இருக்கும். ஆனால் ஊருக்கு அது ரோடு இல்லை.

யாருக்கு என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம் நேரம். சுற்றி வருவதில் பஸ்சைத் தவறவிட்டால் ஆபீசில் லேட்டு மார்க்.

இரண்டாவது பஸ்சே வராது. முட்டுச்சந்துக்குள் நுழைந்த பஸ் திரும்பி வர வழி வேண்டுமே! அதனால் பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் ஷேர் ஆட்டோவுக்குத் தினம் காசு அழ வேண்டும். அல்லது மாதத் தவணையில் ஒரு டூ வீலர் வாங்க வேண்டும்.

மூன்றாவது கடைக்காரர்கள். ஆள் நடமாட்டம் உள்ள தெருவில் ஒரு பெட்டிக்கடைகூடப் பிழைத்துக்கொள்ளும். முட்டுச்சந்தில் அந்தத் தெருக்காரர்கள் மட்டும்தான் வாடிக்கை.

எல்லாவற்றுக்கும் மேலே உயிர். 2008-ல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. போன் செய்தால் வண்டி கிளம்பிவிடும். ஆனால் மூன்று முட்டுச்சந்துகளில் நுழைந்து 'ரிவர்ஸ்' எடுத்தால், மாரடைப்பு வந்தவர் கதி என்ன? தீயணைப்பு வண்டிக்கும் இதே பாடுதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் போன்ற புறநகர்ப் பகுதிகள் மூழ்கின. ஒரே வழி உள்ள இடத்தில், அந்த வழியின் வாயில் தண்ணீர் நின்றால் உள்ளே இருக்கிற அத்தனை வீடும் தீவுதான்!

அமெரிக்காவிலும் இதே கதை

இந்த வியாதி சென்னைக்கு மட்டும் வந்ததல்ல.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் ராட்பர்ன் என்ற பேட்டையை 1929-ல் கட்டினார்கள். கார் தொல்லை இல்லாமல் குழந்தைகள் விளையாட வேண்டும் என்று வேண்டுமென்றே முட்டுச்சந்துகளாகப் போட்டார்கள். ஆனால் நடந்து போகிறவர்களுக்குத் தனியாகப் பாதை விட்டார்கள்.

பின்னால் வந்தவர்கள் முட்டுச்சந்தை மட்டும் பிடித்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டார்கள். விளைவு? கார் இல்லாமல் ஒரு பாக்கெட் பால்கூட வாங்க முடியாத புறநகர்கள்.

பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்கத் தெருக்களின் நூறு வருடக் கணக்கை 2015-ல் வெளியிட்டார்கள். புதிய தெருக்களின் தொடர்பு வருடத்துக்கு வருடம் குறைந்து, 1990-களின் நடுவில் படுமோசமாகி, அதன் பிறகு மெல்ல மெல்லத் தேறி வருகிறது என்பது அவர்கள் கண்டது.

2020-ல் அவர்களே உலகம் முழுவதையும் அளந்தார்கள். 1975-க்குப் பிறகு உலகின் பெரும்பகுதியில் புதிய தெருக்களின் தொடர்பு குறைந்திருக்கிறது என்று தெரிய வந்தது. ஜப்பானும் தென் அமெரிக்க நாடுகள் பலவும் இந்த வலையில் அதிகம் சிக்காமல் தப்பியிருக்கின்றன.

அதாவது இது தலைவிதி அல்ல. திருத்த முடிகிற தவறுதான்.

ஐகோர்ட்டு போட்ட தடை

சென்னைக்கு ஒரு திருப்பம் 2016 செப்டம்பரில் வந்தது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக்கூடாது என்று ஐகோர்ட்டு தடை போட்டது. மாநிலம் முழுவதும் மனை வியாபாரம் ஸ்தம்பித்தது.

2017-ல் அரசாங்கம் வரன்முறைத் திட்டம் கொண்டு வந்தது. ஏற்கனவே விற்றுப்போன மனைகளுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் வாங்கலாம் என்றது. பணம் போட்ட ஏழை எளியவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

மனை சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் ரோடு? இருந்த இடத்தில் அப்படியே முட்டிக்கொண்டு நிற்கிறது. வீடு கட்டிக் குடியேறிய பிறகு யார் சுவரை இடிப்பது?

முட்டுச்சந்துக்கும் வக்காலத்து உண்டு

"எங்கள் சந்தில் கண்ட வண்டி வருவதில்லை. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். புது ஆள் நுழைந்தால் உடனே தெரிந்துவிடும். அதைக் கெடுக்காதீர்கள்" என்று சொல்பவர்களும் உண்டு.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாற்சந்தி மட்டும் இருந்தால் சொர்க்கம் ஆகிவிடாது. தீபாவளிக்கு முந்திய வாரம் தி.நகரைப் பார்த்தாலே தெரியும்!

இதற்கு நடுவழி இருக்கிறது. காரும் லாரியும் போக வேண்டாம். சந்தின் கோடியில் உள்ள சுவரில் ஆள் நடக்கவும் சைக்கிள் தள்ளவும் ஒரு ஆறடி வழி விட்டால் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்ற வேண்டியதில்லை. வயதானவர்கள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தே போய்விடலாம். ஆபத்து சமயத்தில் ஸ்ட்ரெச்சரையாவது தூக்கிக்கொண்டு ஓடலாம்.

இனிமேல்தான் பெரிய சோதனை

2011-ல் மாநகராட்சியின் எல்லை சுமார் 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனது. மடிப்பாக்கம் போன்ற ஊர்கள் நகரத்துக்குள் வந்தன. 2022 அக்டோபரில் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஏறக்குறைய 5 மடங்கு!

அந்த விரிந்த எல்லைக்குள் இன்னும் வயலாகவும் பொட்டலாகவும் கிடக்கும் நிலம் ஏராளம். இனி அங்கே போடுகிற கோடுகள்தான் பேரன் பேத்தி காலத்துக்கும் நிற்கப் போகின்றன.

வீட்டை இடித்துக் கட்டலாம். கடையை மாற்றலாம். தெருவை மாற்றுவது லேசில் நடக்காது. ஜார்ஜ் டவுனில் எத்தனையோ வீடுகள் இடிந்து, மாடிக் கட்டிடங்கள் வந்துவிட்டன. தம்பு செட்டி தெருவும் லிங்கி செட்டி தெருவும் போட்ட இடத்திலேயே கிடக்கின்றன!

எனவே லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்கும்போது, அந்த மனைப்பிரிவின் ரோடு பக்கத்து நிலத்தின் ரோட்டோடு சேருமா என்று பார்ப்பதும், சேரும்படி கோடு போட வைப்பதும் அதிகாரிகளின் வேலை.

மனை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பட்டா, வில்லங்கம், அப்ரூவல் எல்லாம் பார்த்த பிறகு, வரைபடத்தை விரித்து இன்னும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்.

"இந்த ரோடு எங்கே போய் முடியுது? மெயின் ரோட்டை விட்டால் வெளியே போக இன்னொரு வழி இருக்கா?"

"பக்கத்து நிலம் விற்றதும் ரோடு தானா சேர்ந்துடும் சார்" என்று புரோக்கர் சொன்னால், அது வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். அட்வான்சை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.